நாமும் நாங்களும்: சந்தாலி மொழியும் பள்ளிக்கூடத்தின் வாசலும்

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தை, எந்த ஆசிரியரும் எந்த இலக்கண நூலும் சொல்லித் தருவதற்கு வெகு காலம் முன்பே, 'நாம்' என்ற சொல்லுக்கும் 'நாங்கள்' என்ற சொல்லுக்கும் உள்ள பேதத்தைத் தெளிவாக அறிந்துகொண்டு விடுகிறது. 'நாம் திருவிழாவுக்குப் போகலாம்' என்று தாய் சொல்லக் கேட்டால் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடுகிற அதே குழந்தை, 'நாங்கள் திருவிழாவுக்குப் போகிறோம்' என்று கேட்ட மாத்திரத்தில் முகம் வாடி, தான் மட்டும் பாட்டியோடு வீட்டில் விடப்படப்போவதை உணர்ந்துகொள்கிறது. கேட்பவரையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளுகிற பன்மை ஒன்று. அவரை வாசற்படிக்கு வெளியே நிறுத்திவிடுகிற பன்மை மற்றொன்று. முன்னதற்கு நம் இலக்கணக்காரர்கள் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று அழகாகப் பெயர் சூட்டி வைத்தார்கள்.

இந்த நுட்பம் தமிழுக்கும் அதன் உறவு மொழிகளுக்கும் மட்டும் உரிய செல்வம் அன்று. சோட்டா நாகபுரிப் பீடபூமியையும் அதைச் சூழ்ந்த சால மரக் காடுகளையும் செம்மண் மேடுகளையும் ஒட்டி வாழ்கிற சந்தால் மக்கள், தமிழோடு குல உறவு ஏதும் இல்லாத மொழியொன்றைப் பேசுகிறார்கள். அந்த மொழி இவ்விஷயத்தில் நம்மையும் விஞ்சி நிற்கிறது. 'நானும் நீயும் ஆகிய இருவர்' என்பதற்கு அங்கே 'ஆலாங்' என்று ஒரு சொல். 'நானும் வேறொருவரும் ஆகிய இருவர்' என்பதற்கு 'ஆலிஞ்' என்று ஒரு சொல். கேட்பவரையும் உட்கொண்ட பலருக்கு 'ஆபோ'. கேட்பவரை நீக்கிய பலருக்கு 'ஆலே'. யார் யாரோடு சேர்ந்திருக்கிறார்கள், யார் சேராமல் நிற்கிறார்கள் என்பதைத் தீர்மானிக்காமல் ஒரு வாக்கியத்தையேனும் தன்மைப் பன்மையில் தொடங்க முடியாதபடி அம்மொழியின் இலக்கணம் அமைந்திருக்கிறது.

இந்த நான்கு சொற்களையும் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிற குழந்தை பள்ளிக்கூடத்தின் வாசலில் வந்து நிற்கும்போது, அதை எதிர்கொள்ளுகிற சமுதாயமும் அரசும் அதனிடம் எந்தச் சொல்லைச் சொல்லுகின்றன, ஆபோ என்கின்றனவா, ஆலே என்கின்றனவா என்பதே இக்கட்டுரை ஆராய விழைகிற கேள்வி. பழங்குடி மக்களின் மொழி, கல்வி, தன்னுணர்வு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் விதத்தை அறிய எத்தனையோ சமூகங்களின் சரித்திரத்தை எடுத்துக்கொள்ளலாம்; எனினும் சந்தாலியின் சரித்திரத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அகராதி, சொந்த லிபி, இலக்கியம், அரசியலமைப்பில் இடம் என்று ஒரு மொழி வேண்டி நிற்கக்கூடிய கௌரவங்களில் பெரும்பாலானவை சந்தாலிக்குக் கிடைத்துவிட்டன. அவை யாவும் கிடைத்த பிறகும் ஒரு மொழி எந்த இடத்தில் இன்னும் அந்நியமாகவே நிற்க நேருகிறது என்பதைக் காண்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

மனிதரின் பேச்சு

சந்தால் என்பது பிறர் இட்ட பெயர். அம்மக்கள் தங்களை 'ஹோர்' என்று அழைத்துக்கொள்ளுகிறார்கள். அச்சொல்லுக்கு மனிதர் என்பது பொருள். தங்கள் மொழியை 'ஹோர் ரோர்', அதாவது மனிதரின் பேச்சு, என்பார்கள். வெளியிலிருந்து வந்து நிலத்தையும் உழைப்பையும் கவர்ந்துகொண்ட வட்டிக்காரர், வியாபாரி, ஜமீன்தார் ஆகியோரைக் குறிக்க அவர்களிடம் 'திக்கு' என்றொரு சொல் உண்டு. தங்களுக்கு மனிதர் என்ற பெயரையும், தங்களைச் சுரண்டியவர்களுக்கு வேறொரு பெயரையும் வைத்துக்கொண்ட சமூகத்தின் அனுபவம் எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை இவ்விரு சொற்களே நமக்கு உணர்த்திவிடுகின்றன.

சந்தாலி, ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தின் முண்டா கிளையைச் சேர்ந்தது. முண்டாரியும் ஹோ மொழியும் அதன் நெருங்கிய உடன்பிறப்புகள். வியட்நாமியமும் கெமரும் தொலைதூரத்து உறவினர். அந்தப் பெரிய குடும்பத்தில் வியட்நாமியத்துக்கும் கெமருக்கும் அடுத்தபடியாக அதிகம் பேர் பேசுகிற மொழி சந்தாலியே. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 73 லட்சம் பேர். இவர்களில் ஜார்க்கண்டில் 32 லட்சத்துக்கு மேற்பட்டவரும், மேற்கு வங்கத்தில் 24 லட்சம் பேரும், ஒடிசாவில் எட்டரை லட்சம் பேரும் இருக்கிறார்கள். மற்றவர்கள் பீகாரிலும் அஸ்ஸாமிலும் பரவியிருக்கிறார்கள்; எல்லை கடந்து வங்காளதேசத்திலும் நேபாளத்திலும் இம்மொழி பேசுகிறவர்கள் உண்டு. இதே எண்ணிக்கையினர் ஒரே நிலப்பரப்பில் திரண்டிருந்தால் அவர்களுக்கென்று ஒரு மாநிலமும், அந்த மாநிலத்துக்கென்று ஒரு கல்வி இலாகாவும் உண்டாகியிருக்கும். 1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் வகுக்கப்பட்டபோது பெரிய மொழிகளின் எல்லைகளே அளவுகோலாயின; அந்த எல்லைக்கோடுகள் சந்தால் கிராமங்களின் நடுவே சென்றன. ஆகவே ஒரே பாட்டியின் பேரக்குழந்தைகளில் ஒருத்தி இந்தியிலும், ஒருவன் வங்காளத்திலும், மற்றொருத்தி ஒடியாவிலும் அரிச்சுவடி கற்கும்படியான நிலைமை ஏற்பட்டது.

சூரியனும் நிலவும் உயிருள்ளவை

மொழி என்பது வெறும் சொற்களின் தொகுதியாக இருந்தால், ஒரு குழந்தை பள்ளியில் புதிய சொற்களைக் கற்றுக்கொண்டு பழையவற்றை விட்டுவிடுவதில் பெரிய நஷ்டம் இல்லை என்று வாதிக்கலாம். சந்தாலியின் இலக்கணத்துக்குள் சிறிது தூரம் சென்று பார்ப்பவர்களுக்கு அந்த வாதத்தின் பலவீனம் விளங்கும்.

ஆண்பால், பெண்பால் என்ற பாகுபாட்டை அந்த இலக்கணம் முதன்மையாகக் கொள்ளுவதில்லை. உயிருள்ளது, உயிரற்றது என்பதே அதன் பெரும் பிரிவு. மனிதரும் விலங்கும் பறவையும் மட்டுமல்லாமல் சூரியனும், சந்திரனும், நட்சத்திரங்களும்கூட உயிருள்ளவற்றின் வரிசையிலேயே அமர்ந்திருக்கின்றன. சூரியன் 'சிஞ் சாந்தோ', பகலின் சாந்தோ. நிலவு 'நிந்தா சாந்தோ', இரவின் சாந்தோ. ஒருமை, பன்மை என்ற இரண்டோடு நிற்காமல் இருமை என்ற மூன்றாவதும் அங்கே உண்டு. செய்கிறவரையும் செயலுக்கு உள்ளாகிறவரையும் சுட்டும் குறிகள் வினைத்தொடரிலேயே வந்து ஒட்டிக்கொள்ளுவதால், நம் மொழியில் ஒரு முழு வாக்கியமாக விரிகிற கருத்தை அவர்கள் ஒரே வினைச்சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். மூச்சைத் தொண்டையில் நிறுத்தி, வெடிக்காமலே விட்டுவிடுகிற சில மெய்யொலிகள் சொல்லின் இறுதியில் வரும். புதிதாகக் கேட்பவருக்கு அந்தச் சொல் பாதியிலே அறுந்ததுபோல் தோன்றும். கேட்டுப் பழகிய செவிக்கோ அதுதான் சொல்லின் முழுமை.

இத்தகைய மொழியிலே சிந்திக்கக் கற்ற ஐந்து வயதுக் குழந்தையை, பாடப்புத்தகத்தின் இந்தியோ வங்காளமோ வரவேற்கும்போது என்ன நிகழ்கிறது? 'ஹம்' என்ற ஒரே சொல்லிலும் 'ஆம்ரா' என்ற ஒரே சொல்லிலும் தன்னுடைய நான்கு 'நாம்'களையும் கரைத்துக்கொள்ளும்படி அதற்குச் சொல்லப்படுகிறது. நேற்றுவரை உயிரோடு இருந்த சூரியன் இன்று இலக்கணத்தில் ஒரு பொருளாகிவிடுகிறான். இவற்றை ஒரு வளர்ந்த மனிதன் இரண்டாம் மொழியாகக் கற்கும்போது ரசித்து, ஒப்பிட்டு, வியந்து கற்பான். குழந்தைக்கோ ஒப்பிடுவதற்கு அவகாசம் தரப்படுவதில்லை. அதன் மொழிக்குப் பெயர்கூட வகுப்பறையில் உச்சரிக்கப்படுவதில்லை. ஆசிரியர் கேட்ட கேள்வி புரியாததால் அது மௌனமாக இருக்கிறது; மௌனத்தை ஆசிரியர் மந்தபுத்தி என்று கணித்துவிடுகிறார்; அந்தக் கணிப்பை நாளடைவில் குழந்தையும் நம்பத் தொடங்குகிறது. கல்வி தொடங்கிய இடத்திலேயே தாழ்வு மனப்பான்மையும் தொடங்கிவிடுகிறது.

ஏட்டில் ஏறிய விதம்

சந்தால் மக்கள் எழுத்து இல்லாமல் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். அதனால் அவர்களிடம் செய்திப் பரிமாற்றமோ சரித்திர ஞாபகமோ இல்லாமற் போய்விடவில்லை. இரண்டு வாத்துப் பறவைகளின் முட்டைகளிலிருந்து முதல் மனிதர்களான பில்ச்சு ஹாராமும் பில்ச்சு பூடியும் பிறந்த கதையை ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த தலைமுறையின் செவியில் வைத்து வளர்த்தது. 1855ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, போக்னாடி கிராமத்தில் சித்து, கானு என்ற சகோதரர்களின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் கூடி, வட்டிக்காரருக்கும் ஜமீன்தாருக்கும் கம்பெனி ஆட்சிக்கும் எதிராக 'ஹூல்' என்ற பேரெழுச்சியைத் தொடங்கியபோது, ஊர் ஊராகச் சென்று மக்களை அழைத்தது சால மரத்தின் கிளை. இலையோடு கூடிய அந்தக் கிளை வந்து சேர்ந்தால் செய்தி வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். எழுச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. அதே ஆண்டில் சந்தால் பர்கானா என்ற தனி நிர்வாகப் பிரதேசம் வகுக்கப்பட்டது.

மொழியை ஏட்டில் ஏற்றும் பணி கிறிஸ்தவ மிஷனரிகளால் தொடங்கியது. ஜெரெமையா பிலிப்ஸ் 1852இல் வெளியிட்ட சந்தாலி அறிமுக நூல் வங்காள லிபியைப் பயன்படுத்தியது. தும்காவை அடுத்த பெனாகரியாவில் 1867இல் நிறுவப்பட்ட மிஷனின் தலைவர்களில் ஒருவரான நார்வே நாட்டு ஸ்க்ரெஃப்ஸ்ருட், 1873இல் ரோமானிய லிபியில் ஒரு விரிவான இலக்கணத்தை எழுதினார். கொலேயான் என்ற முதிய குரு சொல்லச்சொல்ல எழுதிக்கொண்ட முன்னோர் மரபுகளை 1887இல் நூலாகவும் வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த போடிங், 1929 முதல் 1936 வரை ஐந்து பெரிய தொகுதிகளாக வெளிக்கொணர்ந்த சந்தாலி அகராதி, ஒரு மனிதன் தன் வாழ்நாளை ஒரு மொழியின் காலடியில் வைத்ததற்கான சாட்சியமாக இன்றும் நிற்கிறது. மூலிகை, நோய், வேட்டை, பூசை, வசவு, தாலாட்டு என்று ஒரு சமூகத்தின் சர்வ விவகாரங்களும் அதில் இடம்பெற்றிருக்கின்றன.

இப்பணியை நன்றியோடு நினைப்பது நேர்மை. ஆயினும் இந்த ஏடுகளில் பெரும்பாலானவை சந்தால் மக்களைப் பற்றி அறிய விரும்பியவர்களுக்கும், அவர்களை மதம் மாற்ற விரும்பியவர்களுக்கும் பயன்படுவதற்காக உண்டானவை என்பதையும் மறைப்பதற்கில்லை. பெனாகரியாவின் ரோமானிய லிபி கிறிஸ்தவரின் எழுத்தாகவே பலரால் கருதப்பட்டது. தன் மொழியைத் தானே எழுதிக்கொள்ளுவதற்கு ஒரு சமூகம் வேறொருவருடைய மதத்தையோ மாநிலத்தையோ வாயிலாகக் கொள்ள வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்வி அடுத்த தலைமுறையில் எழுந்தே தீர வேண்டியிருந்தது.

அரிவாளும் காளானும் எழுத்தான கதை

அந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் பண்டித ரகுநாத் முர்மு. 1905இல் மயூர்பஞ்ச் சமஸ்தானத்துக் கிராமமொன்றில் பிறந்து, ஒடியா வழியாகக் கல்வி கற்று, ஆசிரியராகப் பணிபுரிந்த அவர், 1925இல் சந்தாலிக்கென்று 'ஓல் சிக்கி' என்ற லிபியை உருவாக்கினார். அப்போது அவருக்கு இருபது வயது. பிற மொழிகளின் லிபிகள் சந்தாலியின் ஒலிகளை உள்ளபடி தாங்கவில்லை என்பது அவர் கண்ட குறை. உயிர்கள் ஆறும், ஒவ்வோர் உயிரையும் தொடர்ந்து நான்கு மெய்களுமாக, ஆறு வரிசைகளில் முப்பது எழுத்துகளை அவர் வகுத்தார். தொண்டையில் நின்றுவிடுகிற அந்த விசேஷ ஒலிகளுக்கும், அவை திறந்து ஒலிக்கும்போது வருகிற மாற்றத்துக்கும் ஏற்ற குறிகளை அமைத்தார்.

ஒலி நுட்பத்தைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்வது அந்த எழுத்துகளின் பெயரும் வடிவமுமே. 'இர்' என்னும் எழுத்து கதிர் அறுக்கும் அரிவாளின் உருவத்தைக் கொண்டது. 'உத்' என்பது காளான். 'உச்' மலையின் சிகரம். 'இஸ்' ஏர். 'அத்' பூமி. 'எர்' வளைந்து செல்லும் பாதை. 'எப்' இரு கைகளாலும் ஒன்றை வாங்கிக்கொள்ளும் மனிதன். வயலும் காடும் வீடும் ஒரு குழந்தைக்குக் காட்டிக்கொடுத்த பொருள்களையே அந்த லிபி கரும்பலகையில் மீண்டும் காட்டிக்கொடுக்கிறது. முதல் நாளே குழந்தை தனக்குத் தெரிந்த ஒன்றைக் கண்டுகொள்ளுகிறது. கற்பித்தல் கலையின் ஆதார விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுவது என்றால், அந்த விதியைத் தன் எழுத்தின் உடலிலேயே வடித்துவைத்தவர் ரகுநாத் முர்மு. அவர் எழுதிய 'பிது சந்தன்' நாடகத்தில், மண்ணுக்கு வந்த தெய்விகக் காதலர் இருவர் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லுவதற்காக இந்த எழுத்தைக் கண்டுபிடிப்பதாகக் கற்பனை செய்திருக்கிறார். எழுத்தின் தோற்றத்தை அரச சாசனத்தோடும் கணக்கு வழக்கோடும் சேர்க்காமல் அன்போடு சேர்த்த அந்தக் கற்பனையில் ஓர் ஆசிரியரின் உள்ளம் தெரிகிறது.

மேற்கு வங்க அரசு 1979இல் ஓல் சிக்கியை அங்கீகரித்தது. 1982இல் ரகுநாத் முர்மு காலமானார். 2008இல் கணினிகளுக்கான உலகப் பொது எழுத்துத் தரமாகிய யூனிகோடில் அந்த லிபி சேர்க்கப்பட்டது. சந்தால் மக்கள் அவரைக் 'குரு கோம்கே' என்று போற்றி, அவர் பிறந்த வைசாகப் பௌர்ணமியைக் கொண்டாடுகிறார்கள். லிபியைக் கொடுத்தவரைத் தெய்வத்துக்கு நிகராக ஒரு சமூகம் வைத்துப் போற்றுவதற்குக் காரணம், அந்த எழுத்தின் வழியாக அவர்கள் தங்களைத் தாங்களே ஒன்றாகக் கண்டார்கள் என்பதுதான். ஐந்து மாநிலங்களில் சிதறிக்கிடந்தவர்களுக்கு அது ஓர் 'ஆபோ'வைக் கொடுத்தது.

அட்டவணையில் ஓர் இருக்கை

அரசியலமைப்பு நிர்ணய சபையில் பழங்குடி மக்களின் குரலாக ஒலித்தவர் ஜெய்பால் சிங் முண்டா. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவராக இருந்த அவர், 1949 செப்டம்பரில் மொழிகளைப் பற்றிய விவாதம் நடந்தபோது முண்டாரி, கோண்டி, ஒராவோன் ஆகிய மொழிகளையும் எட்டாவது அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார். அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. பதினான்கு மொழிகளோடு அட்டவணை பிறந்தது. அவற்றுள் பழங்குடி மொழி ஒன்றுகூட இல்லை. 1956இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் புகுத்தப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைப்பதற்குப் போதிய வசதிகளைச் செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று விதித்தது. முயல வேண்டும் என்ற சொல்லிலேயே அதன் பலமும் பலவீனமும் அடங்கியிருந்தன.

பின்னும் அரை நூற்றாண்டுக் காலக் கிளர்ச்சிக்குப் பிறகு, 2003 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய 92ஆவது திருத்தம் போடோ, டோக்ரி, மைதிலி ஆகியவற்றோடு சந்தாலியையும் அட்டவணையில் அமர்த்தியது. ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்திலிருந்து அங்கே அமர்ந்திருக்கும் ஒரே மொழி அதுதான். 2005 முதல் சாகித்திய அக்காதெமி விருது சந்தாலிக்கும் வழங்கப்படுகிறது. ரகுநாத் முர்மு பிறந்த அதே மயூர்பஞ்ச் மண்ணின் மகளான திரௌபதி முர்மு 2022இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். தம் கிராமத்திலிருந்து கல்லூரிக்குச் சென்ற முதல் பெண் தாமே என்பதை அவர் தம் முதல் உரையில் நினைவுகூர்ந்தார். அது பெருமை தரும் சொல்; அந்தத் தலைமுறையின் ஏனைய பெண்களுக்குக் கல்லூரி வாசல் எத்தனை தூரத்தில் இருந்தது என்பதையும் உடன் சொல்லுகிற சொல்.

வகுப்பறையின் உள்ளே

கௌரவம் மேலிருந்து கீழே இறங்கி வந்திருக்கிறது. நாடாளுமன்றத்தையும் அக்காதெமியையும் பல்கலைக்கழகத்தையும் அடைந்த சந்தாலி, கிராமத்து ஓராசிரியர் பள்ளியின் படியில் வந்து தயங்கி நிற்கிறது. மொழிக்கு உயிர் வருவதோ நேர்மாறான திசையில், கீழிருந்து மேலே. முதல் வகுப்பில் குழந்தை தன் மொழியில் கேள்வி கேட்டால், பிற்பாடு அது அந்த மொழியில் கடிதம் எழுதும், பத்திரிகை படிக்கும், அப்புறம் கவிதையும் சாஸ்திரமும் பிறக்கும். அடித்தளத்தில் குழந்தை இல்லாவிட்டால் உச்சியில் கொடுக்கப்படும் விருது ஒரு சில எழுத்தாளரோடு நின்றுவிடும்.

தயக்கத்தின் முதற் காரணம் லிபிப் பிரச்சினை. ஓல் சிக்கி, தேவநாகரி, வங்காளம், ஒடியா, ரோமானியம் என்று ஐந்து எழுத்துகளில் சந்தாலி எழுதப்படுகிறது. ஒரு மாநிலத்தில் அச்சிட்ட பாடநூலை மற்றொரு மாநிலத்துக் குழந்தை வாசிக்க இயலாது. இதன் விளைவை வங்காளதேசத்தில் மிகத் தெளிவாகக் காணலாம். 2017இல் அந்நாட்டு அரசு சாக்மா, மார்மா, திரிபுரா, காரோ, சாத்ரி ஆகிய ஐந்து சிறுபான்மை மொழிகளில் தொடக்கநிலைப் பாடநூல்களை வழங்கியபோது, சமவெளிப் பழங்குடிகளில் பெரியதான சந்தால் சமூகத்தின் மொழி அவற்றில் இடம்பெறவில்லை. ரோமானிய லிபியா, வங்காள லிபியா என்ற சச்சரவு தீராததே காரணம். பெரியவர்கள் எழுத்தைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில் குழந்தைகள் பிறிதொரு மொழியில் எழுத்துக் கூட்டத் தொடங்கிவிட்டார்கள். சமூகத்தை ஒன்றுசேர்ப்பதற்காகப் பிறந்த எழுத்து, இணக்கம் இல்லாத இடத்தில் அதைப் பிரிக்கவும் கூடும் என்ற கசப்பான உண்மையைச் சந்தால் அறிஞர்களே வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். வெளியில் இருப்பவர் அதைத் தீர்த்துவைக்க முடியாது.

இரண்டாம் காரணம் ஆசிரியர். பாடநூலை ஓராண்டில் அச்சிட்டுவிடலாம். அந்த மொழியைப் பேசுகிற, எழுதவும் கற்பிக்கவும் பயிற்சி பெற்ற ஆசிரியரை ஓராண்டில் உண்டாக்க முடியாது. ஒடிசா அரசு 2007இல் சந்தாலி, சவரா, குயி, குவி, கோயா முதலிய பத்துப் பழங்குடி மொழிகளில் பன்மொழிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, அந்தந்தச் சமூகங்களிலிருந்தே ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து, கிராமத்துக் கதைகளையும் விளையாட்டுகளையும் விவசாயப் பஞ்சாங்கத்தையும் பாடத்துக்குள் கொண்டுவர முயன்றது இந்த உண்மையை உணர்ந்ததனால்தான். தாய்மொழியில் எழுதப் படிக்கத் தொடங்கி, படிப்படியாக ஒடியாவையும் பின்பு ஆங்கிலத்தையும் சேர்த்துக்கொள்ளுவது அத்திட்டத்தின் நோக்கம்.

மூன்றாவதாகப் பெற்றோரின் அச்சம் இருக்கிறது. அதை அலட்சியம் செய்வது பெரும் பிழை. 'நாங்கள்தான் காட்டிலும் வயலிலும் கிடந்துவிட்டோம், எங்கள் பிள்ளையாவது ஆங்கிலம் கற்று உத்தியோகம் பார்க்கட்டும்' என்று ஒரு தகப்பன் சொன்னால், மொழிப் பற்றில்லாதவன் என்று அவனைக் கண்டிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. தன் மொழிக்குச் சந்தையிலும் நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் மதிப்பில்லை என்பதை அவன் நாள்தோறும் அனுபவித்து அறிந்தவன். அவனுக்குச் சொல்லவேண்டிய பதில், தாய்மொழிக் கல்வி பிறமொழிக் கல்விக்கு விரோதி அன்று என்பதே. ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு ஸ்தாபனமாகிய யுனெஸ்கோ 1953இலேயே வெளியிட்ட அறிக்கை தாய்மொழியே சிறந்த பயிற்றுமொழி என்ற முடிவுக்கு வந்தது. நம் நாட்டிலும் உளவியலறிஞர் அஜித் மொஹந்தி ஒடிசாவின் கோந்த் மக்களிடையே நடத்திய ஆராய்ச்சி இவ்விஷயத்தில் மிகுந்த கவனத்துக்கு உரியது. அந்தச் சமூகத்தில் சில பகுதியினர் தங்கள் குயி மொழியை இழந்து ஒடியாவை மட்டும் பேசுகிறார்கள். வேறு சில பகுதியினர் இரண்டையும் பேசுகிறார்கள். வாழ்க்கை நிலை இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒன்றே. சிந்தனைத் திறனையும், மொழியைப் பற்றிய பிரக்ஞையையும் சோதித்தபோது, இரண்டு மொழிகளையும் வைத்திருந்த குழந்தைகளே முன்னணியில் நின்றார்கள். தாய்மொழியைத் துறந்ததற்குக் கூலியாக எந்த அறிவு லாபமும் மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

2009இன் கல்வி உரிமைச் சட்டம் இயன்ற வரையில் தாய்மொழி வழியே கற்பிக்க வேண்டும் என்கிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை இயலுமிடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையிலாவது என்கிறது. 1956இன் 'முயல வேண்டும்' என்ற வார்த்தை, 'இயன்ற வரையில்' என்றும் 'இயலுமிடங்களில்' என்றும் உருமாறி வந்துகொண்டிருக்கிறது. பிரபலமான மொழியின் குழந்தைக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் கிடைக்கிற ஒன்று, சிறிய மொழியின் குழந்தைக்கு வரும்போது மட்டும் நிபந்தனையோடு வருவது ஏன் என்று நாம் கேட்டாக வேண்டும்.

நமக்கும் உரிய பாடம்

தமிழர்களாகிய நாம் இந்தக் கேள்வியைத் தூரத்துச் செய்தியாக வைத்துப் பார்க்க இயலாது. அட்டவணையில் இடம் கேட்டு இன்றும் காத்திருக்கிற கோண்டியும் குருக்கும் நம் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2011இல் கோண்டி பேசியவர்கள் ஏறக்குறைய 30 லட்சம். குருக் பேசியவர்கள் ஏறக்குறைய 20 லட்சம். மொஹந்தி ஆராய்ந்த குயியும் திராவிட மொழியே. இவை எல்லாவற்றையும்விட நெருக்கமாக, நீலகிரியின் மேட்டிலும் சரிவிலும் தோடரும் கோத்தரும் இருளரும் பேசுகிற மொழிகள் இருக்கின்றன. மரே எமனோ என்ற அமெரிக்க மொழியறிஞர் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கிச் சேகரித்த கோத்தர் கதைகளும் தோடர் பாடல்களும் உலக மொழியியலாரால் இன்றும் பயிலப்படுகின்றன. தோடர்களின் தொகையோ இரண்டாயிரத்தை ஒட்டியது. பத்தாயிரம் பேருக்குக் குறைந்தவர்கள் பேசும் மொழிகளை மக்கள்தொகை அறிக்கை 1971 முதல் பெயர் சொல்லி வெளியிடுவதில்லை. ஆகவே அந்த மொழி அரசாங்கத்தின் ஏட்டில் 'பிற' என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது.

அந்தத் தோடர் குழந்தை பள்ளிக்கு வரும்போது அதன் முன்னால் நிற்கிற பெரிய மொழி தமிழ். பிற மொழியின் ஆதிக்கத்தை எதிர்த்து, தாய்மொழியில் கற்கும் உரிமைக்காகச் சிறைக்குச் சென்றவர்களின் வம்சத்தில் வந்த நமக்கு, அந்தக் குழந்தையின் நிலைமையை விளங்கவைக்கப் பெரிய தர்க்கம் தேவைப்படக் கூடாது. நாம் நமக்கு வேண்டியதையே பிறருக்கும் வேண்டுகிறோமா என்பதுதான் மொழிப்பற்றின் உண்மையான உரைகல். தமிழாசிரியர் ஒருவர் தோடர் மொழியிலோ இருளர் மொழியிலோ பத்து வாக்கியங்களைக் கற்றுக்கொண்டு வகுப்பைத் தொடங்குவாரானால், அதனால் தமிழுக்கு எவ்விதக் குறைவும் உண்டாகாது. ஒரு குழந்தையின் மனத்தில் தமிழ் அந்நிய மொழி என்ற நிலையிலிருந்து அண்டைவீட்டு மொழி என்ற நிலைக்கு உயரும்.

தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிறேன். நம் அரசியலமைப்பின் முகவுரை, இந்நாட்டு மக்கள் தன்மைப் பன்மையில் தங்களை அறிவித்துக்கொள்ளுவதோடு தொடங்குகிறது. அதன் ஆங்கில மூலத்தில் உள்ள சொல், கேட்பவரைச் சேர்க்கிறதா நீக்குகிறதா என்பதைச் சொல்லாது; அம்மொழியில் அந்தப் பேதமே கிடையாது. தமிழில் அதை எழுத வந்தவர்கள் இரண்டு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது. அவர்கள் 'நாம்' என்று எழுதினார்கள். சந்தாலியில் அந்த வாக்கியத்தைச் சொல்ல முன்வருகிற எவரும் ஆபோவுக்கும் ஆலேக்கும் நடுவே நின்று தீர்மானித்தே ஆக வேண்டும். சட்டத்தின் ஏட்டில் ஆபோ என்று எழுதுவது எளிது. தும்காவிலும் மயூர்பஞ்சிலும் புருலியாவிலும், நம் நீலகிரியிலும், காலையில் மணி அடித்ததும் உள்ளே நுழைகிற ஒரு சிறுமியிடம் ஆசிரியர் முதன்முதலாகச் சொல்லுகிற வார்த்தை எந்த மொழியில் இருக்கிறது என்பதைக் கொண்டுதான், அந்த ஏட்டில் எழுதியது நாமா, நாங்களா என்பதை அவள் அறிந்துகொள்வாள். அந்தப் பேதத்தை உணர அவளுக்கு யாரும் இலக்கணம் சொல்லித்தர வேண்டியதில்லை.